என் கொப்பியைத் திறந்தது யார்?

தோட்டத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் முதலில் தெரிவது அடுத்த காம்பராவுக்கு. பழைய லயங்கள் சிலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. இருமல் சத்தம் தாண்டும், அழுகைச் சத்தமும் தாண்டும். ஆனால் அது என்ன இருமல், எதற்காக அழுகை என்பது சுவரைத் தாண்டி வராது. அந்த விவரம் வெளியே வருவது டிஸ்பென்சரியிலிருந்து, கிளினிக்கிலிருந்து, ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து. காலையில் வாட்டில் பேசியது பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சாகிவிடும். ராகலை பஸ் கந்தப்பளையைத் தாண்டுவதற்குள் அதற்குக் கைகாலும் முளைத்திருக்கும்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவள். நுவரெலியா மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டுப் பக்கம் வருகிற பெண்கள், பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கம்பியூட்டர்ல ஏத்துறாங்களாமே. இனி நம்ம வருத்தம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?"

நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சனங்கள் எதையெல்லாம் மறைக்கப் பார்க்கிறார்கள் என்பது வாட்டில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். காசநோய், வலிப்பு, மனநோய்க்குக் குடிக்கும் குளிசை, மாமியாருக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ளும் கருத்தடை ஊசி, கலைந்துபோன கரு, புருஷன் அடித்து உடைந்த கை. மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: கோபத்தில் கிருமிநாசினியைக் குடித்துக் காப்பாற்றப்படும் இளம் பிள்ளைகள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயமெல்லாம் ஊர் வாய்க்குத்தான்.

அப்படி ஒரு பிள்ளையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயரும் தோட்டமும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். பிழைத்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து பாணும் பருப்பும் சாப்பிட்டாள். அவளுடைய டிக்கட், அதாவது அனுமதித்த நேரத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும்வரை எல்லாவற்றையும் எழுதும் காகிதக் கட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையில் கவ்விக் கிடந்தது. அன்றைக்கு எல்லாருடைய டிக்கட்டும் அங்கேதான் தொங்கும். பகல் நேரம் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களால் வாட்டு நிறைந்திருந்தது. மணி அடித்து அவர்கள் போன பிறகு மருந்துக் குறிப்பு எழுதப் போனேன். அவளுடைய பலகை பக்கத்துக் கட்டிலில் கிடந்தது. யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, என்ன குடித்தாள் என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அவளுடைய அப்பா வாட்டு வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. "மிஸ், யாரு பாத்ததுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தன்னை வாசித்தது யார் என்று காகிதம் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

அந்த மனுஷனுடைய கேள்விக்குப் பதில் சொல்ல வழி இருக்கிறது என்றால் அது கம்பியூட்டரில்தான் இருக்கிறது. சரியாக அமைத்த ஒரு மின்பதிவு, நோயாளியைப் பற்றி எழுதி வைப்பதோடு, அந்தப் பதிவைத் திறந்தவரைப் பற்றியும் எழுதி வைக்கும். எந்தப் பெயரில் நுழைந்தார், எத்தனை மணிக்கு, எந்தக் கம்பியூட்டரில், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதை மாற்றினார் என்று எல்லாம் தானாகப் பதிவாகும். இதைப் பார்வைப் பதிவேடு என்று சொல்லலாம். கம்பியூட்டர் வந்ததால் நம் இரகசியத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் நம் ஆஸ்பத்திரிகளில் யாரும் நோயாளிக்குச் சொல்வதில்லை.

இலங்கையில் இது நேற்று வந்த விஷயமும் இல்லை. 2010களின் தொடக்கத்திலேயே கம்பஹா மாவட்டத்துத் தொம்பே ஆஸ்பத்திரியில் மின்பதிவு முறை தொடங்கிவிட்டது. வெளிநோயாளர் பிரிவில் பெயரைப் பதிந்து கோட்டுக்குறி அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்த அட்டையைக் காட்டினால் பழைய விவரம் டொக்டரின் மேசைத் திரையில் வந்துவிடும். அதன் பிறகு தீவின் பல அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு இந்த முறை போயிற்று. ஆளுக்கு ஒரு தனிநபர் சுகாதார இலக்கமும் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு அந்த இலக்கம் மிகவும் தேவை. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், தகப்பன் பெயரும் ஒன்றாகிவிடும், விலாசம் என்றால் எல்லாருக்கும் அதே தோட்டம், அதே டிவிஷன். ஒரு லெட்சுமியின் இரத்தப் பரிசோதனை இன்னொரு லெட்சுமியின் கிளினிக் கொப்பியில் ஒட்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். இலக்கம் இருந்தால் அந்தக் குழப்பம் குறையும். கிளினிக் வாசலில் பெயரையும் நோயையும் சேர்த்துக் கத்திக் கூப்பிடும் தேவையும் இருக்காது.

இந்த முறைகளில் யார் எதைப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் வகுத்துவிடலாம். பதிவுக் கவுண்டரில் இருப்பவருக்குப் பெயர், வயது, விலாசம் போதும். மருந்து கொடுப்பவருக்கு மருந்துச் சீட்டு தெரிந்தால் போதும். ஆய்வுகூடத்துக்கு என்ன பரிசோதனை என்று தெரிய வேண்டும், குடும்பக் கதை தெரிய வேண்டியதில்லை. வைத்தியம் பார்க்கிற டொக்டருக்கும் அந்த வாட்டுத் தாதிக்கும்தான் முழுப் பதிவும் வேண்டும். காகிதக் கொப்பியில் இப்படிப் பிரிக்க முடியாது. யார் கைக்குப் போனாலும் முழுக் கொப்பியும்தான் போகும்.

இந்தப் பிரிவினையும் பார்வைப் பதிவேடும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த வழக்கொன்று உண்டு. நடந்தது பின்லாந்தில், அதுவும் என்னைப் போன்ற ஒரு தாதிக்கு. அவர் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வேலை செய்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதே ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவில் அதற்கு மருந்தெடுத்தார். 1992இல் கூட வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஊழியர்கள் நோயாளர் பதிவுகளைத் தடையின்றிப் பார்க்க முடிந்தது. என் பதிவைப் பார்த்தது யார் என்று கேட்டார். கடைசி ஐந்து பார்வைகள் மட்டும்தான் பதிவில் நிற்கும், அதுவும் எந்தப் பிரிவு என்றுதான் தெரியும், ஆள் தெரியாது, கோப்பு பதிவறைக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும் என்று பதில் வந்தது. வழக்குப் போட்டார். யார் பார்த்தார் என்று நீங்கள் நிரூபிக்கவில்லையே என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன.

அவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போனார். 2008 ஜூலை 17ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிரூபிக்க வேண்டிய பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் போட்டது தவறு, பார்த்தவர் யார் என்று கண்டுபிடிக்கும் வழியை வைத்திருக்க வேண்டியது ஆஸ்பத்திரிதான், அதை வைத்திராததே அவருடைய தனிவாழ்வு உரிமையை மீறியது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்பை அறிந்தபோது எனக்கு அந்தத் தகப்பனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கேட்டதும் அதே கேள்வி. அவருக்குப் போக ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அங்கே எந்தக் கள்ளனும் வெளியிலிருந்து பதிவுக்குள் நுழையவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்பியூட்டர்களை யாரோ முடக்கி, நாட்கணக்காகப் பேனையும் காகிதமுமாக வேலை நடந்ததே, அந்த மாதிரி ஆபத்தும் உண்மைதான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறையே தாக்கப்பட்டுச் சில மாதக் கடிதங்கள் திரும்பக் கிடைக்காமல் போயின. பிரதி எடுத்து வைக்காத முறை எவ்வளவு ஆபத்தானது என்று நாடு அன்றைக்குக் கண்டது. ஆனால் நம்மைப் போன்ற சிறிய ஊரில் ஆளைச் சுடுவது தெரிந்தவர் கண்தான். ரஷ்யாவிலிருந்து ஒருவன் என் இரத்த அறிக்கையைத் திருடினால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. என் நாத்தனாரின் தங்கை கவுண்டரில் இருந்து அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூரில் 2019 ஜனவரியில் எச்.ஐ.வி. உள்ள 14,200 பேரின் விவரம் இணையத்தில் வந்ததாக அரசாங்கம் அறிவித்தது. அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். அத்தனை கட்டுப்பாடான நாட்டிலும் அந்தப் பட்டியல் வெளியே போனது, அதைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு டொக்டருக்கு நெருக்கமான ஆளின் கைவழியாகத்தான்.

சரி, நம் ஆஸ்பத்திரிகளில் கம்பியூட்டர் வந்த பிறகு நான் கண்டது என்ன? காலையில் முதலில் வருகிறவர் தன் பெயரில் நுழைவார். அதற்குப் பிறகு அந்தத் திரை அணைவதே இல்லை. டொக்டர் வந்து அதிலேயே பார்ப்பார், அடுத்த டியூட்டித் தாதி அதிலேயே எழுதுவார், பயிற்சிக்கு வந்த பிள்ளை அதிலேயே தேடுவார். எல்லாம் ஒருவர் பெயரில் விழும். பாஸ்வேர்டைச் சின்னத் துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஐம்பது அறுபது நோயாளிகள் இருக்கிற வாட்டில் இரண்டு தாதிமார், ஒரே கம்பியூட்டர், நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே வந்து உள்ளே போ என்றால் எவரால் முடியும்? ஆனால் விளைவு ஒன்றுதான். பார்வைப் பதிவேடு பொய்யாகிவிடுகிறது. நாளைக்கு ஒரு தகப்பன் வந்து கேட்டால், அன்று முழுக்க ஒரே ஆள்தான் எல்லார் பதிவையும் பார்த்தார் என்று அது சொல்லும். செய்யாத ஒருவர் பிடிபடுவார். செய்தவர் தப்பிவிடுவார்.

என் கூட வேலை செய்த இளம் தாதிமாருக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் பாஸ்வேர்ட் உன் கையெழுத்து, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாயா என்று கேட்பேன். கேட்டுக்கொள்வார்கள், அவசரத்தில் மறந்துவிடுவார்கள். பழி முழுதும் அவர்களுடையது இல்லை. வாட்டுக்குத் தேவையான கம்பியூட்டரை வாங்கிக் கொடுக்க வேண்டும், அட்டையைத் தொட்டால் திறக்கிற, ஆள் நகர்ந்தால் தானாகப் பூட்டிக்கொள்கிற வசதி வேண்டும். பாதுகாப்பு என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு வசதியைக் கொடுக்காவிட்டால், அந்தச் சுற்றறிக்கை சுவரில் ஒட்டத்தான் உதவும்.

திரையை எங்கே திருப்பி வைப்பது என்பதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் வெளிநோயாளர் பிரிவுகளில் திரை வரிசையைப் பார்த்தபடி இருக்கும். முன்னால் நிற்பவருக்குச் சீனி எவ்வளவு என்று பின்னால் நிற்பவர் வாசித்துவிடுவார். மேசையை அரைவட்டம் திருப்பினால் போதும்.

போன் இன்னொரு பெரிய ஓட்டை. இரவு நேரம் சின்ன ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்று ஒருவர் வருவார். இளம் டொக்டர் இ.சி.ஜி.யைப் போனில் படம் எடுத்து நுவரெலியாவில் இருக்கிற பெரிய டொக்டருக்கு அனுப்புவார். பதில் உடனே வரும், உயிர் பிழைக்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன், மலைப்பாதையில் நேரம்தான் உயிர். ஆனால் அந்தப் படத்தின் மேல் மூலையில் பெயரும் வயதும் இருக்கும். அது டொக்டரின் போனில் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடும். டொக்டர்மாரின் செய்திக் குழுவில் போட்டால் குழுவில் இருக்கிற எல்லார் போனிலும் தங்கிவிடும். பெயரை மடித்து மறைத்துவிட்டுப் படம் எடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இரண்டு விநாடி வேலை.

பெயர் வெளியே போனால் என்ன நடக்கும் என்று நாடே பார்த்தது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா பரவியபோது, முதலில் அடையாளம் காணப்பட்ட பெண்ணின் சொந்த வாழ்க்கையைச் சமூக வலைத்தளங்களில் அலசித் தீர்த்தார்கள். நோய் கண்டவரைக் குற்றவாளியாக்கினார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பிய எங்கள் பிள்ளைகளையும் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். அதற்கு முன், 2016இல் குளியாப்பிட்டியில், தகப்பனுக்கு எய்ட்ஸ் என்று கிளம்பிய வதந்தியால் ஒரு சின்னப் பையனுக்குப் பள்ளிக்கூடம் இடம் கொடுக்க மறுத்தது. பையனுக்கு எச்.ஐ.வி. இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது.

இனி, எந்தக் கம்பியூட்டராலும் தீராத ஒரு விஷயம். நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேல் தமிழர். டொக்டர்மாரில் பெரும்பாலானவர்கள் சிங்களவர். நல்லவர்கள், கைராசிக்காரர்கள், ஆனால் பலருக்குத் தமிழ் வராது. அப்போது நடுவில் ஒரு ஆள் வேண்டும். தமிழ்த் தாதி இருந்தால் அவர் மொழிபெயர்ப்பார். இல்லாவிட்டால் அட்டெண்டன், அவரும் இல்லாவிட்டால் கூட வந்த புருஷன், வளர்ந்த மகன், வரிசையில் நிற்கிற யாரோ ஒருவர்.

ஒரு பெண்ணுக்கு வெள்ளைபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார். பதினாறு வயது மகன் தலையைக் குனிந்துகொண்டு அம்மாவிடம் தமிழில் கேட்கிறான். அவள் என்ன சொல்வாள்? "வயித்து வலின்னு சொல்லு தம்பி" என்பாள். அதுதான் பதிவில் ஏறும். வயிற்று வலிக்கு மருந்து கிடைக்கும். இரகசியம் காக்க இடமில்லாத இடத்தில் நோயாளி பொய் சொல்வார், பொய்யான பதிவை எவ்வளவு பூட்டிப் பாதுகாத்தும் என்ன பயன்? எச்.ஐ.வி., காசநோய், மனநோய், மகப்பேறு கிளினிக்குகளிலாவது இரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். இது சலுகை இல்லை, தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி.

இரகசியம் என்றால் எவருக்குமே சொல்லக்கூடாது என்று பொருள் கொள்ளவும் கூடாது. காசநோய் போன்ற சில நோய்களை டொக்டர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தே ஆக வேண்டும். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அது கட்டாயம். கூட இருக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க அது தேவை. அறிவிப்புப் போனதும் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மோட்டார் சைக்கிளில் லயத்து முற்றத்துக்கு வருவார். அவர் வந்து நின்று பெயரைச் சொல்லி விசாரிக்கும்போதே பத்துக் காம்பராவும் வாசலுக்கு வந்துவிடும். அதிகாரிக்குத் தெரிய வேண்டியது லயத்துக்கும் தெரிந்துவிடுகிறது. என்னோடு பழகிய ஒரு பி.எச்.ஐ. எந்த லயத்துக்குப் போனாலும் தண்ணீர்த் தாங்கி பார்க்க வந்தேன் என்று நாலைந்து வீட்டில் ஏறி இறங்கிவிட்டுத்தான் உரிய வீட்டில் உட்காருவார். அவரைப் போல எல்லாரும் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கடிதமும் அப்படித்தான். தோட்டங்களில் பலருக்கு இன்றைக்கும் தனி விலாசம் இல்லை, தபால் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து அங்கிருந்து ஆள் கையில் மாறி மாறிப் போகும். அதற்குப் பதிலாகப் போனில் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்பார்கள். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா? "உங்கள் கிளினிக் நாளை" என்று மட்டும் அனுப்புவது சரி. எந்தக் கிளினிக் என்று எழுதி அனுப்புவது தவறு. போன் இலக்கம் பதியும்போதே, இந்தப் போன் உங்களுடையதா, யாரும் எடுத்துப் பார்ப்பார்களா என்று நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய கவலை தோட்டத்து டிஸ்பென்சரிதான். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1872இலும் பிறகு 1912இலும், சட்டங்கள் வந்தன. அந்தப் பொறுப்பு தோட்டத்துரையிடம் கொடுக்கப்பட்டது. அன்றைக்கு அது நன்மைதான், வேறு யார் வந்து மருந்து கொடுத்திருப்பார்கள்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது, ஆனால் அந்த வேலை முழுமையாக முடியவில்லை. ஆக, நாட்டில் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் நோய்ப்பதிவு இருப்பது சுகாதாரத் துறையிடம். நம்மில் பலருக்கு அதில் ஒரு பங்கு சம்பளம் போடுகிறவரிடம் இருக்கிறது.

இது என்ன சின்ன விஷயமா? டிஸ்பென்சரிக்குப் போனவர் யார், எத்தனை நாள் போனார், எதற்குப் போனார் என்பது செக்ரோல், அதாவது வேலைநாள் பதிவேடு, வைத்திருக்கிற ஒப்பீசுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுகமில்லை என்று காட்டும் துண்டை வாங்கி, அதில் எழுதியிருந்த நோயை மலையில் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்ததை ஒரு பெண் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு மூலநோய். அதற்குப் பிறகு அவள் டிஸ்பென்சரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள், ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இரத்தம் குறைந்து வெளுத்துப்போய் வந்தாள். அந்தத் துண்டில் இத்தனை நாள் ஓய்வு, இலேசான வேலை கொடுக்கவும் என்று இருந்தால் போதும். வியாதியின் பெயர் எதற்கு?

நாளைக்கு டிஸ்பென்சரிக் கொப்பியும் கம்பியூட்டரில் ஏறும், ஏற வேண்டும். அப்போது அந்தப் பதிவு தோட்ட நிர்வாகத்தின் கம்பியூட்டரில் இருக்கக்கூடாது. சுகாதாரத் துறையின் முறையோடுதான் சேர வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் பார்க்கலாம், எழுதலாம். துரையும் கணக்கப்பிள்ளையும் எட்டிப் பார்க்க முடியாதபடி இருக்க வேண்டும். ஆள் குறைப்பு, வேலை நிரந்தரம், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று தெரிந்ததும் தள்ளிவைப்பது என்று எத்தனையோ முடிவுகளுக்கு அந்தப் பதிவு ஆயுதமாகலாம். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்கு மேசையில் உட்காரும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டி ஒருவர் இன்னொருவரின் வைத்தியப் பதிவைக் கேட்டால், அந்த நோயாளி எழுத்தில் சம்மதித்தாலொழியக் கொடுக்க மறுக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதார விவரத்தைத் தனிக் கவனம் தேவைப்படும் தரவு வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும், பிழை இருந்தால் திருத்தக் கேட்கவும் ஆளுக்கு உரிமை தருகிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்று குறித்திருந்தார்கள், பிறகு தள்ளிவைத்தார்கள். ஆயத்தமாக நாள் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் பதிவுகள் கம்பியூட்டரில் ஏறுவது மட்டும் எந்த நாளுக்கும் காத்திருக்கவில்லை.

அந்தச் சட்டமும் அதை விளக்கும் துண்டுப் பிரசுரமும் நம் கிளினிக் வாசலில், நம் சனம் வாசிக்கிற தமிழில் இருக்க வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால், தன் பதிவை யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலை ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தரமாவது அந்தப் பதிவேட்டைப் பொறுப்பானவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: தன் வாட்டில் இல்லாத நோயாளியின் பதிவை யாராவது திறந்தார்களா, வேலை நேரம் முடிந்த பிறகு நுழைந்தார்களா என்று. யாரும் பார்க்காத பதிவேடு இருந்தும் இல்லாததுதான்.

இனி, கேள்வி கேட்ட பெண்களுக்கு. கம்பியூட்டருக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், டொக்டரிடம் உண்மையை மறைக்காதீர்கள். உங்கள் கிளினிக் கொப்பியை அலுமாரிக்கு மேலே போட்டு வைக்காமல் துணிக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து மருந்தெடுக்க அனுப்பாதீர்கள். மற்றவர்கள் கேட்க டொக்டர் ஏதாவது கேட்டால், "தனியாச் சொல்றேன் டொக்டர்" என்று சொல்லுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மகனையோ மாமியாரையோ வைத்துப் பேச விருப்பமில்லை என்றால் தமிழ் தெரிந்த மிஸ்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் விஷயம் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் வாட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பாமல், ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். திகதி போட்டு, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என் பதிவைத் திறந்தது யார் என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கந்தப்பளையில் என் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.